அன்றாட உறவுச் சிக்கல்களைத் தீர்க்கும் திறனை வளர்த்துக்கொள்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நம்மைத் தினமும் அலைக்கழிக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை வெளியில் சொன்னால் சிறியவையாகவே தோன்றும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கத் தயங்குகிறோம். சக ஊழியர் தன் பங்கு வேலையை நம் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். வளர்ந்த பிள்ளை நாம் எதைச் சொன்னாலும் அறிவுரை என்று எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்கு எவ்வளவு என்பதில் உடன்பிறந்தோருக்குள் மனக்கசப்பு புகைந்துகொண்டே இருக்கிறது. இவற்றைத் தீர்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஆறப்போடும்போது உறவே அரிக்கப்பட்டுவிடுகிறது.

இவற்றைக் கையாளும் சாமர்த்தியம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது படிகளாகப் பிரித்துக் கற்றுக்கொள்ளக்கூடிய, பழகப் பழகக் கைவரும் திறன். தாமஸ் டிசுரில்லா, மார்வின் கோல்ட்ஃபிரைட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான அடிப்படைச் சட்டகத்தை முன்வைத்தார்கள். பின்னர் டிசுரில்லாவும் ஆர்தர் நெசுவும் அதை விரிவாக்கி, மனச்சோர்வுக்கான சிகிச்சை முறையாகவும் வளர்த்தெடுத்தார்கள். சிக்கலை அணுகும் மனநிலையைச் சரிசெய்வது, சிக்கலை வரையறுப்பது, மாற்று வழிகளைத் தேடுவது, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, செயல்படுத்தி விளைவைச் சரிபார்ப்பது என்பதே அவர்கள் வகுத்த வரிசை. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் செல்கிறது; ஆனால் வரையறுக்கும் படியில் மற்றவற்றைவிட அதிக நேரம் நிற்கப்போகிறது. எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தனக்கே தெளிவில்லாத நிலையில் பேச உட்காருவதால்தான் பெரும்பாலான பேச்சுகள் சண்டையில் முடிகின்றன என்பது என் உறுதியான கருத்து.

விளக்குவதற்கு வசதியாக ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வோம். முதுமையில் தளர்ந்துவிட்ட தந்தையுடன் ஒரே வீட்டில் வசிக்கிறார் அக்கா. தம்பி வேறு ஊரில் வேலை பார்க்கிறார். மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, மருந்து வாங்குவது, இரவில் விழித்திருப்பது எல்லாமே அக்காவின் மேல் விழுகின்றன. "அவனுக்கு அப்பா மேல் அக்கறையே இல்லை" என்பது அவருடைய ஆற்றாமை.

உங்கள் வழக்கம் எது?

சிக்கல் வரும்போது மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை டிசுரில்லாவும் நெசுவும் மூன்று பாணிகளாகப் பிரித்தார்கள். முதலாவது, நிதானமாக ஆராய்ந்து படிப்படியாக அணுகுவது. இரண்டாவது, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முதலில் தோன்றியதைச் செய்துவிடுவது. மூன்றாவது, தானாகச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடுவது, அல்லது வேறு யாராவது தீர்த்துவைப்பார்கள் என்று காத்திருப்பது.

ஒரே மனிதரிடம் இம்மூன்றும் இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் அளந்து பேசும் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எரிந்து விழுவதுண்டு. நண்பர்களிடம் கறாராகப் பேசுபவர் மாமியாரிடம் வாயே திறக்காமல் இருப்பதுண்டு. ஆகவே, "நான் எப்படிப்பட்டவன்" என்ற பொதுக் கேள்வியைவிட, "இந்த மனிதரிடம், இந்த விஷயத்தில், நான் வழக்கமாக என்ன செய்கிறேன்" என்ற கேள்வியே பயன் தரும். கடைசியாக இதே சிக்கல் எழுந்தபோது முதலில் என்ன செய்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பேச்சை மாற்றினீர்களா, குரலை உயர்த்தினீர்களா, மூன்றாம் ஆளிடம் புலம்பினீர்களா? அந்த முதல் அசைவே உங்கள் வழக்கம். நம் எடுத்துக்காட்டில் அக்கா மாதக்கணக்கில் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள் தொலைபேசியில் வெடிக்கிறார். தள்ளிப்போடுவதும் அவசரப்படுவதும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்த வகைதான் குடும்பங்களில் மிகப் பரவலாகக் காணப்படுகிறது.

இதோடு இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கல் வருவதையே தன் தோல்வியாகவோ உறவின் தோல்வியாகவோ கருதுபவர்கள் அதைத் தீர்க்க முனைவதே இல்லை. மனிதர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் தேவைகள் மோதுவது இயல்பு என்று ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த படிக்கே போக முடியும்.

கொதிப்பு அடங்கட்டும்

கோபத்தில் இருக்கும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள், செய்தி அனுப்பாதீர்கள். எழுத வேண்டும் போலிருந்தால் அனுப்ப முடியாத இடத்தில், ஒரு தாளில், எழுதிவையுங்கள். சிறிது நடப்பதும் மெதுவாக மூச்சு விடுவதும் பலருக்கு உதவும். ஆனால் விலகிப் போகும்போது எப்போது திரும்பப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போவது மிக முக்கியம். "இப்போது எனக்குச் சரியாகப் பேச வராது, நாளை மாலை பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகர்வதற்கும், எதுவும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வதற்கும் எதிராளியின் மனத்தில் ஏற்படும் விளைவு முற்றிலும் வேறு.

சிக்கலை வரையறுப்பது

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம் நடந்தவற்றை எழுதுங்கள். ஒரு கேமரா பதிவு செய்திருந்தால் அதில் என்ன தெரிந்திருக்குமோ, என்ன கேட்டிருக்குமோ அதை மட்டும். வலப்பக்கம் அவற்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தத்தை எழுதுங்கள்.

அக்காவின் தாளில் இடப்பக்கம் இப்படி இருக்கும்: கடந்த மூன்று மாதங்களில் மருத்துவமனைக்குச் சென்ற ஆறு முறையும் நானே அழைத்துப்போனேன். தம்பி ஞாயிறுதோறும் அப்பாவிடம் பேசுகிறான். மருந்துச் செலவில் பாதியை அனுப்புகிறான். "நீயும் கொஞ்சம் கவனிக்கலாமே" என்று இரண்டு முறை சொன்னேன், இரண்டு முறையும் "பார்க்கிறேன் அக்கா" என்றான், வரவில்லை. வலப்பக்கம் ஒரே வரிதான் இருக்கும்: அவனுக்கு அக்கறை இல்லை.

இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கும்போது முன்பு கண்ணில் படாத ஒன்று தெரிகிறது. அக்கா கேட்ட இரண்டு முறையும் அந்தக் கேட்டலில் தேதி இல்லை. என்ன வேலை என்பதும் இல்லை. "கொஞ்சம் கவனிக்கலாமே" என்பதை அவர் நீ வந்து அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போ என்ற பொருளில் சொன்னார். தம்பி அதை ஒரு பொதுவான மனக்குறையாகக் கேட்டு, பொதுவான பதிலைச் சொல்லிவிட்டார். தம்பி முழுக்க நியாயமானவர் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் "அக்கறை இல்லாத தம்பி" என்ற சிக்கலுக்கு உலகில் தீர்வே கிடையாது. "மாதம் இரண்டு மருத்துவமனைப் பயணங்களுக்கு ஆள் தேவை" என்ற சிக்கலுக்குப் பல தீர்வுகள் உண்டு. எதிராளியின் குணத்தைச் சிக்கலின் பெயராக வைத்துவிட்டால் அந்தக் குணத்தை மாற்றுவது மட்டுமே தீர்வாகிவிடும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதை யாராலும் செய்ய முடியாது.

இந்தத் தவறை நாம் இவ்வளவு எளிதில் செய்வதற்குக் காரணம் உண்டு. 1967-இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்குக் கட்டளையாகக் கொடுக்கப்பட்டது என்று தெரிவித்த பிறகும்கூட, காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதியவருக்கு உள்ளூர அந்த எண்ணம் இருக்கும் என்றே படித்தவர்கள் கணித்தார்கள். சூழ்நிலையின் கட்டாயம் கண்முன் இருந்தும் செயலை குணத்தின் கணக்கில் எழுதும் இந்தப் போக்குக்கு, லீ ராஸ் 1977-இல் 'அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை' என்ற பொருளில் ஒரு பெயரைச் சூட்டினார். தெளிவில்லாத செயல்களில் பகைமையைப் படித்துவிடும் பழக்கமும் இதை ஒட்டியதுதான். ஒரு தீங்கு வேண்டுமென்றே நடந்ததா தற்செயலா என்று தெரியாதபோது, சண்டைக்காரச் சிறுவர்கள் மற்றச் சிறுவர்களைவிட அதிகமாக அதை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டதை கென்னத் டாட்ஜ் 1980-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரியவர்களான நாமும் பதில் வராத ஒரு குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு அதையே செய்கிறோம்.

அதனால், வலப்பக்கம் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே "வேறு என்ன காரணம் இருக்கலாம்" என்று குறைந்தது இரண்டு விளக்கங்களையாவது எழுதுங்கள். தம்பிக்கு விடுப்பு கிடைப்பது கடினமாக இருக்கலாம். மருத்துவரிடம் என்ன பேசுவது என்று தெரியாத கூச்சம் இருக்கலாம். பணம் அனுப்புவதையே தன் பங்காக அவர் கருதலாம். எது உண்மை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை. பேச உட்காரும்போது எதைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கான பட்டியல் அது.

இதன் பிறகு சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுத முடியும். இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், இடையே நிற்கும் தடை எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "அப்பாவின் மருத்துவமனைப் பயணங்கள் எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன்; அவற்றில் பாதியையாவது வேறொருவர் ஏற்க வேண்டும்; தம்பி தொலைவில் இருக்கிறான், நாங்கள் இதைப் பற்றித் திட்டவட்டமாகப் பேசியதும் இல்லை." எழுதிய வாக்கியத்தை எதிராளியிடமே படித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள். அவரும் "ஆமாம், இதுதான் பிரச்சினை" என்று ஒப்புக்கொள்ளும்படி இருந்தால் வரையறை சரி. படித்துக் காட்டக் கூசினால், அதில் இன்னும் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிக்கலில் மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்றும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் விளக்கியதுபோல, நெருக்கடியைச் சமாளிக்கும் முயற்சிகளில் சிக்கலையே நோக்கியவை ஒரு வகை, அது உண்டாக்கும் உணர்ச்சியை நோக்கியவை இன்னொரு வகை. தந்தையின் முதுமையை மாற்ற முடியாது. அந்தத் துக்கத்துக்கு ஆறுதல்தான் வேண்டும், திட்டம் அல்ல. பயணங்களின் சுமையை மாற்றலாம். அதற்கு ஆறுதல் மட்டும் போதாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் துக்கமெல்லாம் தம்பியின் மேல் கோபமாகப் போய் விழும்.

மாற்று வழிகளைத் தேடுவது

முதலில் தோன்றும் இரண்டு வழிகள் அநேகமாக "சண்டை போடுவது", "சகித்துக்கொள்வது" என்பவையாகத்தான் இருக்கும். அவற்றையும் எழுதுங்கள், ஆனால் அங்கே நிற்காதீர்கள். அலெக்ஸ் ஆஸ்போர்ன் கூட்டுச் சிந்தனைக்கு வகுத்த விதிகளில் இரண்டு இங்கே அப்படியே பொருந்தும்: எண்ணிக்கை பெருகட்டும், பட்டியல் முடியும்வரை எதையும் நல்லது கெட்டது என்று எடைபோட வேண்டாம். பத்து வழிகளாவது எழுதும்வரை பேனாவைக் கீழே வைக்காதீர்கள். ஏழாவது எட்டாவது வழிகளில்தான் வழக்கத்துக்கு மாறான யோசனைகள் வரத் தொடங்கும்.

அக்காவின் பட்டியலில் இவை இருக்கலாம்: மாதம் ஒருமுறை தம்பி வந்து இரண்டு பயணங்களையும் ஒரே வாரத்தில் முடிப்பது, தம்பி செலவில் உதவியாளர் ஒருவரை அமர்த்துவது, சில சந்திப்புகளை மருத்துவரின் ஒப்புதலோடு காணொளி அழைப்புக்கு மாற்றுவது, முன்பதிவு, பரிசோதனை முடிவுகள், காப்பீட்டுத் தாள்கள் ஆகியவற்றைத் தம்பி தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்வது, அப்பா ஆண்டில் சில வாரங்கள் தம்பி வீட்டில் தங்குவது, உறவினர் ஒருவரிடம் ஒரு பயணத்தைக் கேட்பது. தொலைவிலிருந்து செய்யக்கூடிய வேலைகளும் இவ்வளவு உண்டு என்பது எழுதிப் பார்க்கும்வரை தோன்றியிருக்காது.

இருவர் சேர்ந்து யோசிப்பதானால், முதலில் தனித்தனியே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். குழுவாக உட்கார்ந்து வாய்விட்டு யோசிப்பவர்களைவிட, அதே எண்ணிக்கையிலானவர்கள் தனித்தனியே யோசித்துச் சேர்க்கும் யோசனைகள் அதிகம் என்று 1958 முதலே ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன. குடும்பத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: மூத்தவர் சொன்னதற்கு மேல் பேசத் தயங்கும் இளையவரின் யோசனையும் தாளில் வந்துவிடும்.

தேர்ந்தெடுப்பது

பட்டியலில் சாத்தியமே இல்லாதவற்றை அடித்துவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொன்றிடமும் நான்கைக் கேளுங்கள். இது சிக்கலைத் தீர்க்குமா? இதை நான் உண்மையிலேயே செய்வேனா? எனக்கு என்ன ஆகும்? மற்றவர்களுக்கு என்ன ஆகும்? ஒவ்வொன்றையும் இந்த வாரத்துக்கும் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். சகித்துக்கொள்வது இந்த வாரத்துக்கு மலிவான வழி. அடுத்த ஆண்டுக்கு மிக விலை கூடியது. பெரும்பாலும் ஒரே வழி போதாது. இரண்டு மூன்றைச் சேர்த்தே ஒரு திட்டம் உருவாகும். எல்லா வகையிலும் குறையற்ற வழிக்காகக் காத்திருப்பதும் தள்ளிப்போடுவதன் இன்னொரு வடிவம்தான்.

பேசுவது

திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பேச்சாக வெளிப்படும் விதத்தில்தான் மிச்சம் இருக்கிறது. புதுமணத் தம்பதியரின் வாக்குவாதங்களைப் பதிவு செய்து ஆராய்ந்த சிபில் கரேர், ஜான் காட்மன் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த உரையாடலின் முதல் மூன்று நிமிடங்களே பின்னாளில் மணமுறிவு நேருமா என்பதை முன்னுணர்த்தப் போதுமானவையாக இருந்தன. எல்லா உறவுக்கும் இதே அளவில் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தொடக்க வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ள இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

நேரத்தையும் இடத்தையும் முதலில் கேட்டு வாங்குங்கள். பசியோடும் களைப்போடும் இருக்கும்போதோ, மூன்றாம் மனிதர் முன்னிலையிலோ பேச்சை எடுக்காதீர்கள். தொடக்கத்தில் மூன்றைச் சொல்லுங்கள்: என்ன நடக்கிறது, அதனால் எனக்கு என்ன ஆகிறது, எனக்கு என்ன வேண்டும். "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று 'நீ'யில் தொடங்கும் வாக்கியம் எதிராளியைத் தற்காப்புக்குத் தள்ளும். 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்தில் மறுக்க அதிகம் எதுவும் இருக்காது. உளவியலாளர் தாமஸ் கார்டன் பெற்றோருக்கான பயிற்சிகளில் பரப்பிய இந்த முறை எந்த உறவுக்கும் பொருந்தும்.

அக்கா இப்படித் தொடங்கலாம்: "தம்பி, அப்பா விஷயமாக உன்னிடம் ஓர் அரை மணி நேரம் பேச வேண்டும். மூன்று மாதமாக ஆறு தடவையும் நானே மருத்துவமனைக்குப் போய்வந்தேன். எனக்கு உடம்பு தாங்கவில்லை, வேலையிலும் விடுப்பு தீர்ந்துவிட்டது. மாதத்தில் ஒரு பயணத்தையாவது நீ ஏற்றுக்கொள்ள வேண்டும். உன் பக்கம் என்ன சிரமம் இருக்கிறது என்று சொல்."

கடைசி வாக்கியம் முக்கியமானது. அதைச் சொன்ன பிறகு பேசாமல் இருக்க வேண்டும்; அதுதான் இந்தப் படியில் மிகக் கடினமான வேலை. தம்பி, "அக்கா, நீங்கள் எல்லாவற்றையும் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறீர்கள், நான் நடுவில் வந்தால் குழப்பம்தான் என்று நினைத்தேன்" என்று சொல்லக்கூடும். இதைக் கேட்டதும் "அதெல்லாம் சாக்கு" என்று வாய்வரை வரும். அதற்குப் பதிலாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்: "நான் சமாளிக்கிறேன் என்று நினைத்ததால் நீ தலையிடவில்லை, அப்படித்தானே?" தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று உணர்ந்த மனிதர்தான் அடுத்தவர் சொல்வதைக் கேட்கத் தயாராவார். பழைய கணக்குகளைக் கிளறாதீர்கள். அவர் கிளறினால், "அதையும் பேச வேண்டும், இன்று இதை முடித்துவிடுவோம்" என்று சொல்லித் திரும்புங்கள்.

"சரி, இனிமேல் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அளவில் எழுந்துவிடக் கூடாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று முடிவாக வேண்டும். "அடுத்த மாத முதல் சந்திப்புக்கு நீ வருகிறாய், வர முடியாவிட்டால் ஒரு வாரம் முன்பே சொல்லி உதவியாளரை ஏற்பாடு செய்கிறாய்" என்பதுபோல, தடை வந்தால் என்ன செய்வது என்பதும் அந்த உடன்பாட்டிலேயே இருக்கட்டும். 'இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே இணைத்துவைக்கும் திட்டங்கள் வெறும் தீர்மானங்களைவிட அதிகமாக நிறைவேறுகின்றன என்பதை பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரிபார்ப்பது

பேசி முடித்த அன்றே மறுபடி பார்க்கும் தேதியைக் குறித்துவிடுங்கள். அன்று பார்க்க வேண்டியது நீங்கள் எழுதிய வரையறை வாக்கியத்தை: பயணங்களில் பாதி உண்மையிலேயே கைமாறியதா? ஓரளவு நடந்திருந்தால் நடந்த அளவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதிதான் நடந்தது என்று குத்திக்காட்டினால் அந்தப் பாதியும் நின்றுபோகும். நடக்கவில்லை என்றால் எந்தப் படியில் பிசகு என்று தேடுங்கள். ஒப்புக்கொண்டும் செய்யவில்லை என்றால் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவராததாக இருக்கலாம். செய்தும் மனக்கசப்பு குறையவில்லை என்றால் வரையறையே தவறாக இருக்கலாம். ஒருவேளை அக்காவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது, தன் உழைப்பைத் தம்பி கண்டுகொள்ள வேண்டும் என்பதாக இருக்கலாம்.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

அடி, மிரட்டல், தொடர் அவமதிப்பு, பணத்தையோ நடமாட்டத்தையோ கட்டுப்படுத்துவது ஆகியவை உள்ள உறவில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. நம்பகமான ஒருவரிடம் தெரிவிப்பது, உதவி அமைப்புகளையும் சட்டத்தையும் நாடுவது. எதிராளி மேலதிகாரியாக இருந்தால், பேசுவதற்கு முன் நடந்தவற்றைத் தேதியோடு குறித்துவைத்துக்கொள்வதும், பேசி முடித்ததை ஒரு சுருக்கமான மின்னஞ்சலாக அனுப்பிவைப்பதும் நல்லது. வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டாமல், எந்தத் தீர்வும் பலிக்காது என்றே தோன்றிக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். இந்தப் படிகளையே அவர்கள் துணையோடு செய்யும் சிகிச்சையும் உண்டு.

பழகுவது

மிகப் பெரிய, மிகப் பழைய சிக்கலில் தொடங்காதீர்கள். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தராத நண்பர், கூட்டத்தில் இடைமறித்துப் பேசும் சக ஊழியர் என்ற அளவில் ஒன்றை எடுத்து, இரண்டு பக்கத் தாளிலிருந்து சரிபார்க்கும் தேதிவரை முழுதாகச் செய்து பாருங்கள். அதன் பிறகு அடுத்ததை எடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுடைய சண்டைகளே சிறந்த பயிற்சிக் களம். ஜார்ஜ் ஸ்பிவாக், மிர்னா ஷூர் ஆகிய உளவியலாளர்கள் 1970-களில் நான்கு வயதுக் குழந்தைகளுக்கே இதைக் கற்பித்தார்கள். தீர்வைச் சொல்லிக்கொடுக்காமல் கேள்விகளால் அதைத் தேடவைப்பதே அவர்கள் வழி. பொம்மைக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது "கொடுத்துவிடு" என்று தீர்ப்புச் சொல்லாமல், "என்ன நடந்தது? நீ பிடுங்கினதும் அவளுக்கு எப்படி இருந்தது? பிறகு என்ன ஆயிற்று? வேறு எப்படிக் கேட்கலாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குழந்தை முதலில் சொல்லும் வழி சரியில்லாததாக இருந்தாலும் திருத்தாமல், "அது ஒரு வழி. இன்னொன்று சொல்" என்று கேட்டு, அது ஐந்தாறு வழிகளைச் சொல்லும்வரை காத்திருங்கள்.